எண் 117: மாற்றம் ஏதுமில்லை

பிப்ரவரி 9

பாப்பா,

வழக்கமாக எழுதும் முதல் வரியை இன்று எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய், பத்திரிகையில் படம் பார்த்தேன். வெள்ளைக் கோட்டு, பின்னால் நுண்ணோக்கி, பக்கத்தில் உன் மாணவர்கள். என் நலத்தைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போனில் பேசலாமே என்பாய். வீட்டில் போன் அடித்தால் பஸ் பணிமனையிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று அப்பா எழுந்து ஓடுகிறார், போன மாதம் மேசையில் இடித்து நெற்றியில் தையல். போன் இப்போது பீரோவுக்குள் இருக்கிறது. தவிர, பேச்சில் நீ கெட்டிக்காரி, நான்கு வார்த்தையில் என்னைச் சமாதானப்படுத்தி வைத்துவிடுவாய். எழுத்துதான் எனக்குத் தொழில். குடிநீர் வாரியத்துப் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் ஊரார் புகாரை எழுதினேன். இது என்னுடையது.

மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. "பங்கேற்பாளர் எண் 117. தங்கள் இரத்த மாதிரி சேகரிப்பின்போது பழுதடைந்ததால் தாங்கள் ஆய்விலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள். ஒத்துழைப்புக்கு நன்றி." நான்கு வருடத்துக்கு முன் "சும்மா ரத்தம் குடுக்கா, உங்க ஊர் ஆஸ்பத்திரியில ஆள் பத்தலை" என்று கெஞ்சிச் சேர்த்துவிட்டாயே, அந்த ஆய்வுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எட்டு முறை கையை நீட்டினேன். நான்தான் 117.

அதே வாரம் உன் பேட்டியும் வந்தது. நோயாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் நூற்றிருபது பேர், நிம்மதியாக வாழ்பவர்கள் நூற்றிருபது பேர். முதல் கூட்டத்தின் இரத்தத்தில் மூளை அழற்சியின் தடயம் ஏறியிருக்கிறது, இரண்டாவது கூட்டத்தில் இல்லை. சரி. அப்புறம் சிரித்துக்கொண்டே ஒன்று சொல்லியிருக்கிறாய்: "நிம்மதிக் கூட்டத்தில் ஒரு மாதிரி மட்டும் எல்லாரையும் தாண்டி எகிறியது. விசாரித்தால் குழாயை வெயிலில் வைத்திருந்திருக்கிறார்கள்."

யார் விசாரித்தார்கள்? எந்த வெயில்? என் இரத்தம் எடுக்கும் பெண் குழாயை ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுத்தான் என் கையில் பஞ்சையே வைப்பாள். மாதிரி பழுது என்று நீ மருத்துவமனைக்கு எழுதிய கடிதத்தால் அவளை இரத்த அறையிலிருந்து எடுத்து, பழைய கோப்புகள் அடுக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். தெருமுனையில் பார்த்தேன். "நான் ஒண்ணும் பண்ணலைக்கா" என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

நிம்மதிக் கூட்டத்தில் என்னைப் போட்டது யார்? இதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா

—

பிப்ரவரி 17

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. கோபத்தில் எழுதியிருக்கிறாய், பரவாயில்லை. முதலில் ஒன்று: உன் எண்ணை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. பெயர்கள் மருத்துவமனைப் பெட்டகத்தில் இருக்கும், எங்களுக்கு எண் மட்டும்தான் தெரியும். யாருடைய இரத்தம் என்று தெரிந்தால் பார்க்கிற கண்ணே மாறிவிடும் என்பதால்தான் அந்த ஏற்பாடு.

உன்னை அந்தப் பிரிவில் போட்டது நான்தான். அன்று போனில் நீ பதில் சொல்லச் சொல்ல நான் படிவம் நிரப்பினேன். அப்போது அப்பா சாவியைத் தொலைப்பார், பெயர் மறப்பார், அவ்வளவுதான். "அவர் வேலையை அவரே பார்த்துக்கறார்" என்று சொன்னது நீ. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆறு மாதமும் "குடும்பச் சூழலில் மாற்றம் உண்டா" என்று கேட்டிருக்கிறோம். எட்டுப் படிவத்திலும் "மாற்றம் ஏதுமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். உன் கடிதங்களிலும் அதேதான். "இங்கு யாவரும் நலம். அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார்." வேலையை விட்டதைக்கூட "போரடித்தது" என்றுதானே எழுதினாய்? நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும்?

மாதிரியைப் பற்றி. நம் மூளையில் காவல் செல்கள் உண்டு. குப்பையை அள்ளும், கிருமி வந்தால் விரட்டும். மன அழுத்தம் நாள்கணக்கில், வருடக்கணக்கில் ஓயாமல் இருந்தால் இவை வீங்கிக்கொண்டு, நல்ல நரம்பு இணைப்புகளையே கடிக்க ஆரம்பிக்கும். வேலியே பயிரை மேய்கிற கதை. அதன் எச்சத்தைத்தான் இரத்தத்தில் அளக்கிறோம். எலிகளிலும் பார்த்தோம். தினமும் சில மணி நேரம் குறுகிய குழாயில் அடைத்து வைத்த எலிகளுக்கு இது நடக்கிறது. பிறகு ஆறு வாரம் துணையோடு, தொந்தரவில்லாமல் விட்டால் காவல் செல்கள் அடங்குகின்றன. நிம்மதியாக இருக்கும் மனிதருக்கு 117இன் அளவு வரவே வராது. அதனால் சேகரிப்பில் பிழை என்று முடிவு செய்தோம். இதுதான் நடைமுறை.

அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது மருத்துவமனையின் முடிவு. நான் யாரையும் மாற்றச் சொல்லவில்லை.

அன்புடன்,
பாப்பா

—

பிப்ரவரி 24

நாற்பத்தாறு வயதுப் பாப்பாவுக்கு,

"மாற்றச் சொல்லவில்லை." கேட்க நன்றாக இருக்கிறது. கல்லை எறிந்தேன், யார் தலையில் விழச் சொன்னேன் என்பது மாதிரி.

நிம்மதியான ஆளுக்கு அந்த அளவு வராது, அதனால் மாதிரி பழுது. அப்படித்தானே? குழாயைப் பார்த்துப் பழுதென்று சொன்னாயா, எண்ணைப் பார்த்துச் சொன்னாயா? அந்த ஆள் நிம்மதியாக இல்லையோ என்று உன் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லையா?

எங்கள் பிரிவில் ஒருமுறை ஒரு தெருவில் ஒரே ஒரு வீட்டு அம்மா குடிநீர் நாறுகிறது என்று எழுதினாள். மற்ற வீட்டுக்காரர்கள் யாரும் எழுதவில்லை. "அந்தம்மா மூக்குல கோளாறு" என்று பொறியாளர் புகாரை மூடிவிட்டார். மூன்றாம் முறை அவள் எழுதியபோது நான் சண்டை போட்டுத் தோண்ட வைத்தேன். சாக்கடைக் குழாய் உடைந்து அவள் வீட்டு இணைப்புக்குள்தான் முதலில் இறங்கியிருந்தது. அந்தப் பொறியாளருக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? அவருக்கு இவ்வளவு படிப்பு இல்லை.

எட்டுப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டேன், உண்மைதான். அந்தக் கேள்வி எப்படி இருந்தது என்று எடுத்துப் பார். "தாங்கள் நோயாளி ஒருவரின் பராமரிப்பாளராக உள்ளீர்களா? முந்தைய பதிலில் மாற்றம் உண்டா?" பராமரிப்பாளர் என்றால் ஆஸ்பத்திரியில் சீருடை போட்டு வருவார்களே, அவர்கள் என்றுதான் நினைத்தேன். நான் அவர் பெண். அப்பாவுக்குச் சோறு ஊட்டுவதற்கு ஒரு பதவிப் பெயர் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இனி நிம்மதியைக் கேள். அப்பா இப்போது முழு நேரமும் பணிமனையில்தான் இருக்கிறார், ஓய்வு பெற்ற நினைவே இல்லை. டைம் கீப்பராக பஸ் போய்வரும் நேரம் குறித்த பழக்கத்தில் நாற்காலியை வாசற்கதவுக்குக் குறுக்கே போட்டு உட்காருகிறார். கழுத்தில் விசில், மடியில் நீள நோட்டு. நான் மருந்து வாங்கப் போனால், "டிரிப் ஷீட் எங்கே?" கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும், திரும்பினால் மறுபடி கையெழுத்து. குளிக்கப் போனாலும் அப்படியே. கொஞ்சம் தாமதமானால் தெருவே கேட்க விசில். மாடி வீட்டு அம்மா ஒரு மணி நேரம் வேண்டுமானால் வந்து உட்காருவார், அதற்கு மேல் அவராலும் முடியாது. பால் அடுப்பில் இருப்பது எனக்கே மறந்துபோகிறது. போன வாரம் உன் பெயர் வாய்க்கு வரவில்லை. பாப்பா வந்தது, பெயர் வரவில்லை. சிரித்துக்கொண்டேன், பிறகு சமையலறையில் போய் அழுதேன்.

வேலை போரடிக்கவில்லை. வேலையில்தான் நான் மனுஷியாக இருந்தேன்.

அக்கா

—

மார்ச் 3

அக்கா,

நேற்று 117இன் எட்டு அளவுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். இதுவரை கடைசியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். முதல் அளவு எல்லாரையும் போல. இரண்டாவது கொஞ்சம் மேலே. அதற்குப் பிறகு எட்டு வரை ஒன்றுகூட இறங்கவில்லை. எட்டுக் குழாயையும் எட்டு வெவ்வேறு நாளில் ஒரே அளவாக ஏறும்படி யாரும் வெயிலில் வைக்க முடியாது. ஒரு கோடு வரைந்திருந்தால் தெரிந்திருக்கும். நான் வரையவில்லை.

கடைசி அளவைப் பார்த்த அன்று மாணவர்களிடம், "இந்த ஆள் ரத்தத்துல நெருப்பு வெச்சிருக்கார்" என்று சொல்லிச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள்.

உடனே ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார். நரம்பிழை சிதைவதைக் காட்டும் அளவும் ஏறியிருக்கிறது. இது நோய் என்று அர்த்தமில்லை, எச்சரிக்கை. பெயர் மறந்தது சோர்வாகவும் இருக்கலாம். தயவுசெய்து தள்ளிப்போடாதே.

படிவத்தை நானே, என் சொந்த அக்காவுக்கு நிரப்பியது வெளியே தெரிந்தால் பெரிய சிக்கல். எப்படிச் சரிசெய்வது என்று யோசிக்க அவகாசம் கொடு. அதுவரை யாரிடமும் சொல்லாதே.

பாப்பா

—

மார்ச் 8

பாப்பா,

மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறாய். அப்பாவை யார் மடியில் உட்கார வைத்துவிட்டுப் போவது என்று ஒரு வரி இருக்கிறதா உன் கடிதத்தில்? இரண்டு முறை படித்தேன், இல்லை.

யாரிடமும் சொல்லாதே. சின்ன வயதில் பூந்தொட்டியை உடைத்துவிட்டு இதைத்தான் சொன்னாய், அடி வாங்கியது நான். வாங்கிக்கொண்டேன், நீ சின்னவள். இப்போது அடி வாங்குவது யாரோ ஒரு வீட்டுப் பெண். தினமும் காலை முதல் மாலை வரை தூசியில் உட்கார்ந்து கோப்புக்கு நூல் கட்டுகிறாள். உனக்கு அவகாசம் வேண்டும், அவளுக்கு?

அந்தப் பெண் பேரில் பழியில்லை என்று நீ எழுதும் வரை எனக்கு எழுதாதே. "யாவரும் நலம்" என்று நானும் இனி எழுதப் போவதில்லை. பொய் எழுதி அலுத்துவிட்டது.

அக்கா

—

ஏப்ரல் 2

அக்கா,

எழுதிவிட்டேன். மூன்று வாரம் ஆனதற்குக் காரணம் சொன்னால் சாக்கு என்பாய். சாக்குதான். ஐந்து முறை எழுதி, ஐந்து முறை கிழித்தேன். ஆறாவதைக் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட்டேன்.

மருத்துவமனைக்கு: மாதிரி பழுதில்லை, பழுது என்று சொன்னது என் தவறு, இரத்தம் எடுத்தவர் எந்தப் பிழையும் செய்யவில்லை, அவரை அவர் இடத்தில் அமர்த்துங்கள். அவருக்குத் தனியாக ஒரு மன்னிப்புக் கடிதம். ஆய்வு நெறிக் குழுவுக்கு: 117 என் அக்கா, படிவத்தை நிரப்பியது நான், முடிவுக்கு ஒத்துவராத அளவைக் காரணமில்லாமல் நீக்கியதும் நான்.

குழுவில் மூன்று பேர். ஒருவர் கேட்டார், "சொந்த வீட்டு நிலைமையே தெரியாதவர் இருநூற்று நாற்பது வீட்டு நிலைமையை எப்படி அளந்தீர்கள்?" ஆறு மாதம் ஆய்வுத் தலைமையிலிருந்து விலக்கியிருக்கிறார்கள். கட்டுரையைத் திருத்தி வெளியிட வேண்டும்.

117ஐ எந்தத் தேதியிலிருந்து பராமரிப்பவர் கூட்டத்துக்கு மாற்றுவது என்பதில் இடிக்கிறது. அன்றைக்கே எழுதி வைத்த ஆதாரம் வேண்டுமாம். உன் சொல் செல்லாது, என் சொல்லும் செல்லாது. நாம் இருவருமே பொய்க் கையெழுத்துப் போட்டவர்கள். ஆதாரம் இல்லாவிட்டால் 117 எந்தக் கூட்டத்திலும் இல்லை, நிரந்தரமாக நீக்கம்.

இருபதாம் தேதி வருகிறேன். மூன்று வாரம் அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ எங்கேயாவது போ. முதலில் மருத்துவரிடம்.

பாப்பா

—

ஏப்ரல் 9

பாப்பா,

வேலையிலிருந்து நிறுத்திய பிறகுதான் வீட்டு வழி தெரிந்ததா என்று எழுதி, அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் இதே தாளில் அனுப்புகிறேன்.

வருடக்கணக்கில் அப்பாவைக் குளிப்பாட்டியது நான், ஆதாரம் இல்லையாம். உன் குழுவை ஒரு நாள் காலையில் இங்கே வரச் சொல். அப்பா அவர்கள் மூவரையும் வரிசையில் நிறுத்தி டிரிப் ஷீட் கேட்பார்.

வருவதானால் தெரிந்துகொண்டு வா. "நீங்க ரிடையர் ஆயிட்டீங்கப்பா" என்று மட்டும் சொல்லாதே, அன்று முழுவதும் அழுவார். கையெழுத்துக் கேட்டால் போட்டுவிடு, வாதாடாதே. விசிலை ஒளித்து வைக்காதே, நான் ஒருமுறை ஒளித்து வைத்துப் பட்டிருக்கிறேன். சோற்றை ஒரு பிடி அதிகம் பிசைந்தாலும் துப்புவார். நான் எங்கே என்று கேட்டால் "நாளைக்கு வந்துடுவாங்க" என்று சொல், அது போதும், மறுநாளும் அதையே சொல்லலாம்.

புகார்ப் பிரிவில் எனக்கு எதிர்மேசையில் இருந்தவள் இப்போது கடற்கரைப் பக்கம் வீடு கட்டி இருக்கிறாள். இரண்டு வருடமாகக் கூப்பிடுகிறாள். இருபத்தோராம் தேதி அங்கே போகிறேன். முகவரி கீழே. அங்கே போன் போட்டுத் தொல்லை செய்யாதே. ஏதாவது என்றால் எழுது, நான் எழுதியது போல.

அந்தப் பெண் இரத்த அறைக்குத் திரும்பிவிட்டாள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

அக்கா

—

மே 6

அன்புள்ள அக்கா,

உன் மேசையில், உன் பேனாவில் எழுதுகிறேன். பதினாறாவது நாள். இதற்குள் ஒன்பது முறை எழுதக் கையெடுத்தேன், ஒன்பது முறையும் விசில்.

எனக்கு உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நீ எப்படி என்னிடம் சொல்லாமல் இருந்தாய்? முதல் நாள் குளியலறைக்குப் போகக் கையெழுத்துப் போட்டபோது சிரித்தேன். மூன்றாம் நாள் சிரிப்பு வரவில்லை. ஒன்பதாம் நாள் பல் தேய்த்துவிடும்போது கையைக் கடித்துவிட்டார், நான் கத்திவிட்டேன். "நான் உங்க பொண்ணு, கண்டக்டர் இல்லை!" அவர் சுவரோரம் போய் ஒடுங்கி நின்றார். இருபது வருடமாக அழுத்தத்தை ஆராய்கிறேன் என்று சொல்லித் திரிகிறவள் நான். அந்த மனிதரை அப்படி நிற்க வைத்தது நான்.

அந்தப் பெண்ணைப் பார்த்து நேரில் மன்னிப்புக் கேட்டேன். "என் கையில எடுத்த ஒரு குழாய்மேலகூட வெயில் பட்டதில்லை மேடம்" என்றாள். தேநீர்கூடச் சாப்பிடவில்லை. அவள் செய்தது சரி.

இப்போது முக்கியமான விஷயம். பத்தாம் நாள் அப்பா நோட்டு தீர்ந்துவிட்டது, புதுசு கொடு என்றார். தேடினேன். பீரோவின் அடித்தட்டில் போனுக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறாயே, நாற்பத்தொரு நோட்டு. எல்லாவற்றிலும் நீ கோடு போட்டுக் கட்டம் பிரித்துக் கொடுத்திருக்கிறாய். யார், புறப்பாடு, வருகை, காரணம். உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன், எழுந்திருக்க முடியவில்லை. நான்கு வருடத்தில் ஒரு நாள் விடவில்லை. அவருக்கு ஊர் மறந்தது, அம்மா இறந்தது மறந்தது, என் முகம் மறந்தது. நேரம் எழுத மட்டும் மறக்கவில்லை.

"பெரியவள். புறப்பாடு 9.10. வருகை 5.50. காரணம்: அலுவலகம்." முதல் வருடம் முழுவதும் இப்படி. பிறகு வருகை நான்கு மணி, மூன்று மணி என்று முன்னால் வருகிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமையோடு அலுவலகம் என்ற சொல்லே நின்றுபோகிறது. அதன் பிறகு மருந்து, காய், மருந்து, காய். கடந்த ஒரு வருடத்தில் நீ இந்த வாசலைத் தாண்டி இருந்த அதிகபட்ச நேரம் முப்பத்தெட்டு நிமிடம். இரண்டே நாள் அதற்கு மேல், ஐம்பத்திரண்டு நிமிடம், ஐம்பத்தைந்து நிமிடம். இரண்டுக்கும் சிவப்பு மையில் "தாமதம்" என்று எழுதியிருக்கிறார். தேதியைப் பார்த்தேன். என் ஆய்வுக்கு நீ இரத்தம் கொடுக்கப் போன நாட்கள்.

ஆதாரம் கேட்டார்களே, இதைவிட என்ன வேண்டும்? உனக்கும் எனக்கும் சார்பில்லாத ஒருவர், அன்றன்றைக்கு, நிமிடக் கணக்கில் எழுதியது. எட்டு முறை நீ இரத்தம் கொடுக்கப் போனதும் மருத்துவமனைப் பதிவோடு அச்சாகப் பொருந்துகிறது. நோட்டுகளைப் படமெடுத்துக் குழுவுக்கு அனுப்பினேன். நேற்று பதில் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். நீ வேலையை விட்ட பிறகு எடுத்த ஐந்தாம் மாதிரியிலிருந்து 117 பராமரிப்பவர் கூட்டத்தில் இருக்கிறது. கட்டுரையில் என் தவறும் அப்படியே அச்சாகும்.

இன்னொன்று. பன்னிரண்டாம் நாள் காலை, "பெரியவ எங்கே? பன்னெண்டு நாளா வண்டி உள்ளே வரலை" என்று கேட்டார். நீ சொல்லித் தந்தபடி நாளைக்கு வருவாள் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பொய் சொல்லப் பிடிக்கவில்லை. "அவங்களுக்கு உடம்பு சரியில்லை. லீவுல போயிருக்காங்க" என்றேன்.

அக்கா, அவருக்கு வந்ததே கோபம்! நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இத்தனை வருஷம் லீவே இல்லாம ஓட்டியிருக்கா. யாருய்யா ஓட்ட விட்டது? ரெஸ்ட் குடுக்காம ஓட்ட விடக் கூடாதுன்னு ரூல் இருக்கு தெரியுமா? மாத்து ஆள் எங்கே? மாத்து ஆள் எங்கே போனான்?" என்னைப் பார்த்துத்தான் கேட்டார். மேசையைத் தட்டித் தட்டிக் கேட்டார். குழுவில் மூன்று பேர் கேட்டபோதுகூட நான் அழவில்லை, அன்று நின்ற இடத்தில் அழுதேன். "நான்தான் மாத்து ஆள். லேட்டா வந்துட்டேன்" என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு உட்கார்ந்து எழுதினார். அந்தப் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

"பெரியவள். விடுப்பு. அனுமதிக்கப்பட்டது." கீழே முழுக் கையெழுத்து. எத்தனை நாள் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்.

திருத்திய படிவம் ஒன்றும் இருக்கிறது. "பராமரிப்பாளர்" என்ற சொல்லை எடுக்கச் சொல்லி எழுதினேன், கேட்டார்கள். கேள்வியை இப்போது இப்படி மாற்றியிருக்கிறார்கள்: "வீட்டில் ஒருவரை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா?" நிரப்பி அனுப்பு. மருத்துவர் என்ன சொன்னார் என்றும் எழுது. பன்னிரண்டாம் தேதி ரயிலில்தானே வருகிறாய்?

பாப்பா

—

மே 10

பாப்பா,

மருத்துவர் பார்த்தார். படம் எடுத்தார், கேள்வி கேட்டார், கடிகாரம் வரையச் சொன்னார். நேரமும் வட்டமுமாக வரைந்தேன், டைம் கீப்பர் பெண்ணுக்கு அதுகூட வராதா? இப்போதைக்கு நோய் என்று சொல்ல ஒன்றுமில்லையாம். இப்படியே ஓடினால் சொல்ல முடியாதாம். ஓய்வு எடுங்கள் என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதிக் கொடுத்தார். எழுத்தில் இருந்தால்தான் உனக்கு நம்பிக்கை வரும் என்று எனக்குத் தெரியும்.

முப்பத்தெட்டு நிமிடம் என்பதைப் படித்துவிட்டு எழுந்து வெளியே போய் நடந்தேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. திரும்பி வந்தால் வாசலில் கை தானாகப் பேனாவைத் தேடுகிறது. தோழி சிரித்தாள், நானும் சிரித்தேன்.

பதினாறு நாளுக்கே ஆத்திரம் ஆத்திரமாக வருகிறதா? வரட்டும். ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். நீ பெரிய வேலையில் இருக்கிறாய், கெடுக்க வேண்டாம் என்று இருந்தேன். அது என் முட்டாள்தனம். அப்பாவுக்குத் தெரிந்த ரூல் நம் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நீ கத்தியதற்காக மட்டும் உருகாதே, நான் இரண்டு முறை கத்தியிருக்கிறேன். அவர் நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை, அதனால் தப்பித்தோம்.

பன்னிரண்டாம் தேதி ரயிலில் வரவில்லை. மூன்று வாரம் என்று கணக்குப் போட்டது யார்? எலிக்கு ஆறு வாரம் கொடுத்தாய் என்று நீயே எழுதியிருக்கிறாய், கடிதம் என்னிடம் இருக்கிறது. குழாயில் சில மணி நேரம் இருந்த எலிக்கு ஆறு வாரம், நான்கு வருடம் இருந்த அக்காவுக்கு மூன்று வாரமா? அப்பா காலியாக விட்ட இடத்தை நானே நிரப்பிவிட்டேன். நாற்பத்திரண்டு நாள். ஜூன் இரண்டாம் தேதி வருகிறேன். பக்கத்தைத் திருப்பி அனுப்புகிறேன், நோட்டில் ஒட்டி வை, அவர் தேடுவார்.

உன் படிவத்தையும் நிரப்பிவிட்டேன். "வீட்டில் ஒருவரை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா?" ஆம் என்று எழுதி, பக்கத்தில் "பாதி" என்று சேர்த்திருக்கிறேன். மீதிப் பாதிக்கு இன்னொரு படிவம் எடுத்து உன் பெயரில் நிரப்பு. அந்தப் பெண்ணிடமே போய்க் கையை நீட்டு.

அக்கா